ஒன்பது காயும் ஒரு வாயும்

அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே பார்வைக்கு வைத்திருந்த பொருளைத் தின்றுவிட்டு வந்தவன் நான். தெரியாமல் தின்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். தெரிந்து தின்றிருந்தால் திருடன் என்றாவது ஒரு பேர் இருக்கும், இதுக்கு என்னான்னு பேர் வைக்கிறது என்று கேட்டாள் என் மனைவி. நானும் யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் பேர் அகப்படவில்லை.

என் தொழிலைச் சொன்னால் பாதி விளங்கிவிடும். போடியில் ஏலக்காய் வியாபாரம், அத்தா காலத்திலிருந்து. ஏல மையத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சாம்பிள் தட்டு வரும். அதை உள்ளங்கையில் கொட்ட வேண்டும். கட்டைவிரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே இருக்கிற கருப்பு அரிசியை வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். மிச்சத்தைத் தரையில் விசிறிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்ட வேண்டும். கீழே போட்டதை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கப் பச்சையாகக் காய் இறைந்து கிடக்கும், அதன்மேல் நடந்துதான் டீ குடிக்கப் போவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வயிறு எரிவார்கள். எங்களுக்கு அது தரை, அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் இந்த வேலையை என் கை தனியாகவே கற்றுக்கொண்டுவிட்டது. கண்ணைக் கேட்காது, மூளையைக் கேட்கவே கேட்காது. என் கல்யாணத்தன்று பாயசத்தில் மிதந்த காயை எடுத்துப் பிளந்து, "ஏழு எம்எம்கூட இருக்காது மாமா" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு அதைக் கீழே போட்ட கை இது. என் மனைவி அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

அவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிளப்பினாள். குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், மூடிக் கிடந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களைச் சேர்த்து அருங்காட்சியகம் மாதிரி வைத்திருக்கிறார்களாம். யாரோ எடுத்த வீடியோ அவள் செல்போனுக்கு வந்திருந்தது.

"ஆயுசு பூரா காய வித்தே திங்கிறோம். அதப் பறிக்கிறவுக பிள்ளைக எங்க ஒக்காந்து படிச்சுச்சுன்னு ஒரு நாளாச்சும் பாத்துட்டு வருவோமே" என்றாள்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வருவோம். எல்லாத்துலயும் ஒரு லாபம் கேக்காதீக."

ஜீப்பை எடுத்தேன். குரங்கணி தாண்டியதும் ரோடு என்று ஒன்று இருப்பதாக நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். எலும்பெல்லாம் இடம் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி இருக்கும்.

ஓட்டுக் கூரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆறு நாள் காய் எடுக்கப் போகிறாள், ஏழாம் நாள் இந்த அறையைத் திறந்து வைத்து உட்காருகிறாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே விழுந்துவிட்டது.

"ஓ, நீங்களா. மேனேஜர் ஜீப்புன்னு நெனச்சுட்டேன்" என்றாள். "வாங்க பாய், வாங்கக்கா. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க."

உள்ளே போனோம். சுவரிலேயே கருப்பு பூசிய கரும்பலகை. மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. காய் எடுக்கும் கூடை, மழைக்குத் தலையில் மாட்டுகிற சாக்குக் கொங்காணி, உடைந்த சிலேட்டுகள், நீர் பட்டு முகங்கள் அழிந்த போட்டோக்கள். என் மனைவி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். நான் பிரியாணியை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று என் மனைவி கேட்டதும் கொட்டிவிட்டாள். எஸ்டேட் கை மாறிவிட்டது. புது மேனேஜர் வந்திருக்கிறார். மழை தொடங்குவதற்குள் உர மூட்டை அடுக்க இந்த அறை வேண்டும், காலி பண்ணு என்று சொல்லிவிட்டாராம். இவள் போனில் மன்றாடியிருக்கிறாள்.

"பழைய பலகையும் மணியும் எல்லா எஸ்டேட்லயும் கெடக்கு, இங்க மட்டும் இருக்கறது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, அப்புறம் முதலாளிகிட்டப் பேசறேன்னாரு. இருக்கு சார், வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வர்றேன்னிருக்காரு. அவருக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கே இதெல்லாத்தையும் தூக்கி வெளிய வெச்சிருவாக, அக்கா. எங்க வீடு ஒரே ரூமு. எங்க கொண்டுபோய் வெப்பேன்."

"கவலைய விடு தங்கச்சி. போடியில என்னையத் தெரியாத மேனேஜர் கெடையாது" என்றேன்.

"தெரிஞ்சவுகதான் வம்பே" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, துணி சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்து, வாத்தியார் மேசையில் வைத்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, ஓர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். மேசையில் வைக்கிற அட்டை. அதை மட்டும் அவள் முந்தின நாளே எழுதியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் ஏலக்காய்.

சத்தியமாக நான் எதையும் நினைக்கவில்லை. கிண்ணம் சாய்ந்தது, காய் உள்ளங்கைக்கு வந்தது, கட்டைவிரல் உருட்டியது. சின்னக் காய், வைக்கோல் நிறம், ஒட்டி உலர்ந்த தோல். நகம் ஒன்றைப் பிளந்தது. அரிசியும் தோலுமாக வாய்க்குள் போயிற்று. பழைய சாக்கைக் கடித்த மாதிரி இருந்தது.

"ரொம்பப் பழைய சரக்கு" என்றேன் சத்தமாக. மிச்சத்தைத் தரையில் விசிறிவிட்டு, அடுத்த தட்டு எங்கே என்று பார்க்க இரண்டு எட்டு வைத்தேன். குதிகாலுக்கு அடியில் மொறுமொறுவென்று ஏதோ நொறுங்கியது.

பேனாச் சத்தம் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். காலியான கிண்ணத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"பாய்" என்றாள். "அது நாங்க."

எனக்குப் புரியவில்லை. வாயில் இருந்ததை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

அவள் முழங்கால் போட்டுத் தரையில் தேடத் தொடங்கினாள். தேடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். சரஸ்வதி பூசைக்கு இங்கே பூ கொண்டுவர மாட்டார்களாம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காய், அவரவர் அப்பன் ஆத்தா எடுக்கிற வரிசையிலிருந்து பறித்துக் காய வைத்துக் கொண்டுவர வேண்டும். வாத்தியார் அந்தக் கிண்ணத்தில் வாங்கி வைப்பார். பூசை முடிந்ததும் எல்லாக் காயையும் ஒன்றாக இடித்துச் சுக்குக் காப்பி போட்டு எல்லோரும் குடிப்பார்கள்.

"கடைசி வருசம் நாங்க ஒம்பது பேருதான் இருந்தோம். பூசையன்னிக்கே பள்ளிக்கூடத்த மூடப் போறாகன்னு சேதி வந்துச்சு. யாருக்கும் காப்பி குடிக்கத் தோணல. சார் காய அப்படியே கிண்ணத்துல விட்டுட்டுப் போயிட்டாரு. நான்தான் எடுத்து வெச்சிருந்தேன்." ஒரு காயை ஊதிக் கிண்ணத்தில் போட்டாள். "இதுல ஒண்ணு என்னுது. எதுன்னு எனக்கே தெரியாது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த நிமிஷம் இருந்தது.

மூன்று பேரும் குனிந்து தேடினோம். மேசைக் காலுக்கு அடியில், சுவர் ஓரத்தில், தரை வெடிப்பில். முழுசாக ஆறு கிடைத்தது. நான் மிதித்த இடத்தில் இரண்டு தூளாகிக் கிடந்தது. ஒன்பதாவதை யாரும் தேடவில்லை.

அப்போதுதான் கீழே வளைவில் ஜீப்பு முக்குகிற சத்தம் கேட்டது.

"ஒம்பதுன்னு போன்லயே சொல்லிட்டேன்" என்றாள் அவள். "ஒம்பது பிள்ளைக, ஒம்பது காயின்னு."

அந்த வேளையில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். இப்போதும் செருகினாள்.

"ஜீப்புல சாம்பிள் கவர் கெடக்கு. சின்னதாப் பாத்து மூணு எடுத்துப் போட்டுருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"வேணாங்க. உள்ளதச் சொல்லிருங்க."

"உள்ளதச் சொன்னா உர மூட்டை வந்துரும்டி."

இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பு அடுத்த வளைவில் கியர் மாற்றியது.

"கொண்டாங்க" என்றாள். "வெரசா."

வெறுங்காலோடு ஓடினேன். கவரைப் பிரித்துக் கொட்டினால் எல்லாம் நேற்று வாங்கிய முதல் தரச் சரக்கு. ஒவ்வொன்றும் பச்சைப் பசேலென்று, விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது. நல்ல சரக்கு வாங்கியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். இருப்பதில் நோஞ்சானாக மூன்றைப் பொறுக்கி, வாசல் புழுதியில் புரட்டி, வேட்டியில் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வேட்டிதான் நிறம் மாறியது. அவள் அந்த மூன்றையும் அடியில் போட்டு, ஆறையும் மேலே பரப்பினாள். தூளான இரண்டையும் அள்ளித் துணியில் முடிய நேரமில்லை. காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்கூட நான் அத்தனை கள்ளத்தனம் பண்ணியதில்லை.

மேனேஜர் வந்தார். என்னைவிடச் சின்ன வயது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், தமிழில் மலையாளம் கலந்து வரும். போடியில் என்னைத் தெரியாத மேனேஜர் கிடையாது என்றேனே, இவருக்குத் தெரியவில்லை. பூட்ஸைத் தானாகவே வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அது நல்ல சகுனம் மாதிரி பட்டது.

கரும்பலகையைத் தொட்டுப் பார்த்தார். தண்டவாளத் துண்டை விரலால் சுண்டினார். போட்டோக்களுக்கு முன்னால் நின்றார். அந்தப் பெண் அவர் பின்னாலேயே ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் மேசைக்கு வந்தார்.

"எந்தா, இதானா?"

"ஆமா சார்." பூசையையும் காயையும் பற்றி எங்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். ஆனால் எங்களிடம் சொன்ன குரல் இது இல்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற குரல்.

அவர் கேட்டுக்கொண்டே கிண்ணத்தை எடுத்தார். சாய்த்து, உள்ளங்கையில் கொட்டினார்.

அந்த நிமிஷம் வரை அவரும் காய்க்காரர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கட்டைவிரல் உருட்டியது. ஆறு ஒரு பக்கம் போனது, மூன்று ஒரு பக்கம் நின்றது. அந்த மூன்றில் ஒன்றைப் பிளந்தார். உள்ளே அரிசி கருகருவென்று பிசுபிசுப்போடு மின்னியது. அறை முழுக்க வாசனை அடித்தது. என் சரக்கு அத்தனை நல்ல சரக்கு.

"இது இந்த வருசத்துக் காய்" என்றார்.

காயைக் கையில் வைத்துக்கொண்டே மணிப் பக்கம் திரும்பினார்.

"அந்த மணி எவிடுந்து? பழைய இரும்புக் கடையா? போட்டோ? அதும் யாரோடதோவா?"

"இல்ல சார்" என்றாள் அவள்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "சார், அது வந்து, அந்த மூணு பேரும் நடு வருசத்துல வந்து சேர்ந்த பிள்ளைக" என்றேன். அப்படி ஒரு ஜோக்கு. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மேனேஜர் காய்களைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் ஒரு காலைப் பூட்ஸுக்குள் விட்டார்.

"செவ்வாய்க்கிழமை லோடு வரும். அதுக்குள்ள காலி செய்யணும்."

"இவரு தின்னுட்டாரு சார்" என்றாள் அந்தப் பெண்.

ஒரு காலில் பூட்ஸோடு அவர் நின்றார். "ஆரு?"

"இந்த பாய். ஒண்ணத் தின்னுட்டாரு, ரெண்ட மிதிச்சுட்டாரு. ஒம்பதும் ஒம்பதாத்தான் இருந்துச்சு. நீங்க வர்றதுக்குள்ள என்ன பண்றதுன்னு தெரியாம இவரு காயப் போட்டேன். போட்டது நான். தப்புத்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மியூசியத்தில வெச்சத எதுக்குத் தின்னு?"

"ஏல மையத்துப் பழக்கம் சார்" என்றேன். காதில் விழாத மாதிரிதான் சொன்னேன்.

"இல்லாத காய்க்கு எல்லாரும் ஒரு கத சொல்லும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புழுதியில் புரட்டிய பச்சைக் காயைப் பழைய காய் என்று காட்டிய மூன்று பேர், இப்போது இன்னொன்றைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் மற்ற காலையும் பூட்ஸுக்குள் விடக் குனிந்தார். மேசைக்கு அடியில் தள்ளிய தூளைக் காட்டலாம் என்று குனிந்து பார்த்தேன். தரைப் புழுதியோடு புழுதியாகிக் கிடந்தது. தள்ளினது நான்தானே.

"காலத் தூக்குங்க" என்றாள் என் மனைவி.

"என்ன?"

"மிதிச்ச கால. தூக்கிக் காட்டுங்க அவருக்கு."

கரும்பலகையில் ஒரு கையை ஊன்றி, வலது காலைத் தூக்கினேன். வீட்டுப் பாடம் எழுதாதவனை நிற்க வைப்பார்களே, அப்படி. மேனேஜர் தயங்கினார். பிறகு கழற்றிய காலும் மாட்டிய காலுமாக நொண்டி வந்து, என் குதிகாலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கால் ஆடியது. "ஆட வேண்டாம்" என்றார்.

குதிகால் வெடிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். என் மனைவி தடவச் சொல்லும் தைலத்தை நான் தடவுவதில்லை. அந்த வெடிப்பில் ஒரு தோல் துண்டு சொருகிக்கொண்டு நின்றது. நகத்தால் அதை உரித்து எடுத்தார். விளக்கில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார், அது இருந்த இடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மோந்தே பார்த்துவிட்டார்.

என் கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. அந்தப் பெண் கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழைய நாட்டுக் காய்" என்றார் கடைசியில். "இப்ப ஆரும் நடுறதில்ல." எழுந்து, கிண்ணத்தில் இருந்த ஆறில் ஒன்றை எடுத்துத் தோலோடு தோல் வைத்துப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "தின்னது எங்ஙன இருந்துச்சு?"

ஒரு ஜோக்கு நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். "சாக்கு மாதிரி இருந்துச்சு சார். உள்ள எறங்கறப்ப மட்டும் கொஞ்சம் வாசனை வந்துச்சு."

அது நிஜமாகவே வந்ததா, பயத்தில் எனக்குத் தோன்றியதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர் அந்தத் தோல் துண்டைக் கிண்ணத்தில் போட்டார். என் காலில் இருந்து எடுத்த துண்டு, மற்ற ஆறோடும் போய்ப் படுத்துக்கொண்டது.

"உரத்துக்கு ஸ்டோர்ப் பக்கத்தில எடம் பாக்கறேன்" என்றார் அவளிடம். "அடுத்த மாசம் முதலாளி வரும். நான் கூட்டிட்டு வர்றேன். அது வரைக்கும் ஆரும் இந்த ரூமத் தொடாது. முதலாளி சரீன்னா பின்ன எப்பவும் இங்கதான். ஆனா ஆறுன்னா ஆறுன்னுதான் எழுதணும். கேட்டோ?"

"எழுதறேன் சார்."

ஜீப்பு இறங்கிப் போகிற சத்தம் அடங்குகிறவரை நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அப்புறம் அவள் உட்கார்ந்து பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டை எழுதினாள். ஒன்பது பேர் கொண்டுவந்த காய், இருப்பது ஆறும் ஒரு தோலும் என்று எழுதினாள். மற்ற மூன்று என்ன ஆயிற்று என்று எழுதுவாளோ என்று எட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. பெரிய மனசு. பிளந்த காயோடு சேர்த்து என் பச்சைக் காய் மூன்றையும் ஒரு தாளில் மடித்து என் மனைவி கையில் கொடுத்தாள், என் கையில் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது என் மனைவி அவள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்துவிட்டது. சும்மா வந்திருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினேன்.

"தங்கச்சி, முதலாளி வர்றதுக்குள்ள அந்தக் கிண்ணத்துக்குப் பூட்டு வெச்ச கண்ணாடிப் பெட்டி ஒண்ணு போடியில செய்யச் சொல்லி, நானே கொண்டாந்து வெச்சுட்டுப் போறேன்."

"குடுத்து விடுங்க பாய், நீங்க வர வேண்டாம்."